நுரை அடங்கும்வரை

பீப்பாவின் கையில் எதைக் கொடுத்தாலும், ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பெயிண்ட் கடையில் நிறம் கலக்குவது அவர் தொழில். டின்னின் அடியில் நிறம் போய்ப் படிந்துகொள்ளும், மேலே வெறும் எண்ணெய் மிதக்கும். குலுக்காமல் திறந்து பூசினால் சுவர் மேலே ஒரு நிறமும் கீழே ஒரு நிறமுமாகப் பல்லை இளிக்கும்; வீட்டுக்காரர் கடை வாசலில் வந்து நின்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். கடையில் குலுக்குகிற இயந்திரம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பாதி நாள் படுத்துவிடும். அப்போதெல்லாம் பீப்பாவின் கைதான் இயந்திரம்.

அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. இருமல் மருந்து, பால் பாக்கெட், பிள்ளைகளின் உண்டியல், எதையும் விடுவதில்லை. தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு சோடா பாட்டிலைத் திறந்து கொடுக்கிறேன் என்று கிளம்பி, வழக்கம்போலக் குலுக்கி, புதுச் சட்டையை முழுசாக நனைத்து வைத்தவர் அவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் கையில் யாரும் சோடா கொடுப்பதில்லை.

பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் உருண்டு திரண்டிருப்பார். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருக்கிறது என்று வந்ததிலிருந்து, அவர் மனைவி எண்ணெய் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டாள். சாப்பாட்டில் ருசி போயிற்று. கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே பீப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவர்தான் அந்த நண்பகலில், ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பச்சிளம் குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தங்கைக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, இரண்டு மாதத்துக்கும் மேல் முன்கூட்டியே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பெண் குழந்தை. எத்தனையோ வருஷம் காத்திருந்து, இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்த குழந்தை. தகப்பன் லாரியோடு எங்கோ தூரத்துச் சாலையில் இருந்தார். சேதி கேட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். தங்கை இன்னும் மயக்கம் தெளியாமல் கீழ்மாடியில் கிடந்தாள். ஆக, அந்தக் குழந்தைக்கு அப்போது அங்கே விழித்திருந்த சொந்தம் என்று இருந்தது தாய்மாமன் ஒருவர்தான்.

கண்ணாடி வழியாக அவர் பார்த்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. தோலின் கீழ் சதையே இல்லை, நீலநீலமாக நரம்பு தெரிந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே நெஞ்சு உள்ளே குழிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். கனமான எதையோ தூக்க முடியாமல் தூக்குகிறவர் முனகுவது போன்ற முனகல்.

நர்ஸ் ஒரு சீட்டோடு வெளியே வந்தார். வேலை தெரிந்த, நடுவயதுப் பெண்மணி.

"அண்ணா, கீழே மருந்துக் கிடங்குல இதைக் குடுத்து மருந்து வாங்கிட்டு வாங்க. எங்க ஆள் வேற வார்டுக்குப் போயிருக்கான். ஃப்ரிட்ஜ்ல வச்சதால சில்லுன்னு இருக்கும். வர்ற வழியில உள்ளங்கையில பொத்திச் சூடாக்கிக்கிட்டே வாங்க. பாப்பாவுக்குச் சில்லுன்னு குடுக்க முடியாது."

"இந்தா வந்துட்டேன் சிஸ்டர்!"

அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிய வேகத்தைப் பார்த்து எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கிடங்குக்காரர் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"இது ஒண்ணுதான் இருக்கு. அடுத்தது சாயங்காலம்தான் வரும். பாத்து எடுத்துட்டுப் போங்க. அப்புறம் இதுல ஒண்ணு…" என்று பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டி வாயெடுத்தார். பீப்பா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே பால் நிறத்தில் ஏதோ இருந்தது. பீப்பா அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கையை விரித்துப் பார்த்தார். குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

அடியில் படிந்திருந்தால் என்ன செய்வது? குழந்தைக்குப் போகிற மருந்தாயிற்றே, பாதி அடியிலேயே தங்கிவிட்டால்? கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டு, கடையில் கலக்குவது போலவே, மணிக்கட்டு சுழலச் சுழல நன்றாகக் குலுக்கினார். மனசுக்குத் திருப்தியாக இருந்தது. மேலே ஏறினார்.

நர்ஸ் அவருக்கு ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டு, கையைக் கழுவச் சொல்லி, கதவோரம் வரை உள்ளே விட்டார். அங்கி வயிற்றுக்குப் பத்தவில்லை. குழந்தையின் தொண்டையில் அதற்குள் ஒரு குழாயை இறக்கி, இன்னொரு நர்ஸ் கையால் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் கையை நீட்டினார். வயதில் பீப்பாவின் தங்கையைவிடச் சின்னப் பெண். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவரின் முகம் மாறியது.

குப்பி முழுக்க நுரை. கழுத்து வரைக்கும் நுரை.

"யாரு இதைக் குலுக்கினது?"

"நான்தாம்மா. அடியில தங்கியிருந்துச்சு."

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் தப்பு டாக்டர். குலுக்காதீங்கன்னு நான் சொல்லல."

"யார் தப்புன்னு அப்புறம் பாத்துக்கலாம். இதை இப்ப ஊசியில இழுத்தா வெறும் நுரைதான் வரும். பாப்பாவுக்குப் போக வேண்டிய அளவு போகாது. நுரை அடங்கணும்." டாக்டர் குப்பியை மேஜை மேல் வைத்தார். "அதுவரைக்கும் பையை விடாம அமுக்குங்க சிஸ்டர். சார், நீங்க அங்கேயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

வேறு குப்பி இல்லை, சாயங்காலம்தான் வரும். ஒரே குப்பி, அதையும் சோடா பாட்டில் ஆக்கியாயிற்று. இந்தக் கையை என்ன செய்தால் தகும்? பீப்பா இரண்டு கையையும் கட்டி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். கண் நுரையை விட்டு நகரவில்லை. கடையில் நுரை என்றாலே அவருக்கு ஆகாது. நுரையோடு பூசிய சுவரில் குமிழி வெடித்துப் பொத்தல் பொத்தலாகத் தெரியும். ஆனால் பெயிண்ட் நுரை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். இது ஓய்வதாகத் தெரியவில்லை. பொடிப்பொடிக் குமிழிகள், ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல் நின்றன.

"எப்பம்மா அடங்கும்?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

டாக்டர் குழந்தையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "சார், நீங்க மயங்கி விழற மாதிரி இருக்கீங்க. உங்களைத் தூக்க இங்க ஆள் பத்தாது. அதனால நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நில்லுங்க. சரியா? இது சோப்பு நுரை இல்ல. பிடிவாதம் பிடிச்ச நுரை. உடையாம நிக்கறதுதான் அதோட வேலையே."

"வேலையா?"

"நுரையீரல்னு பேர் வச்சிருக்கோம்ல. உள்ள லட்சக்கணக்குல குட்டிக்குட்டிக் காத்துப் பை. ஒவ்வொண்ணும் ஒரு குமிழி. உள்பக்கம் ஈரம். தண்ணிக்கு ஒரு குணம் உண்டு, தன்னைத்தானே இறுக்கி இழுத்துக்கும். மூச்சை வெளிய விட்டதும் அந்த ஈரம் பையை இழுத்து ஒட்ட வச்சிடும். அடுத்த மூச்சுக்கு ஒட்டினதைப் பிரிச்சுத் திறக்கணும். உங்க பாப்பா அதைத்தான் பிறந்ததிலேர்ந்து பண்ணிட்டிருக்கா. ஒவ்வொரு மூச்சுக்கும்."

பீப்பா அந்த முனகலை நினைத்துக்கொண்டார்.

"நமக்கெல்லாம் ஏன் ஒட்டல?"

"நமக்கு உள்ள ஒரு பூச்சு இருக்கு. மெலிசா, ஒரே ஒரு வரிசை. கொழுப்புப் பூச்சு."

"கொழுப்பா?" பீப்பாவின் வாய் தானாகத் திறந்தது. "என் ரத்தத்துல ஜாஸ்தியா இருக்குன்னு சொன்னாங்களே, அந்தக் கொழுப்பா?"

"அதுக்குச் சொந்தக்காரன். பெரிய குடும்பம் சார் அது. எண்ணெய், வெண்ணெய், மெழுகு, கொலஸ்ட்ரால், எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்க. தண்ணியோட ஒட்டாது, அதுதான் குடும்பக் குணம். ஆனா இந்தப் பூச்சுல இருக்கறவன் கொஞ்சம் விசித்திரமானவன். பேரு பாஸ்ஃபோலிப்பிட். அவனுக்கு ஒரு தலை, ரெண்டு வால். தலைக்குத் தண்ணின்னா உயிர். வாலுக்குத் தண்ணியே ஆகாது. அப்ப எப்படி நிப்பான்?"

பீப்பா யோசித்தார். "தலைய தண்ணியில விட்டுட்டு… வாலை வெளிய நீட்டிக்கிட்டு?"

"அவ்வளவுதான். தலைகீழா, தோளோட தோள் ஒட்டி, வரிசையா நிப்பாங்க. தண்ணி இழுத்து இறுக்கப் பாத்தா நடுவுல இவங்க நிக்கறாங்க, இறுக்க முடியாது. பை ஒட்டாது. வயித்துக்குள்ள கடைசி மாசங்கள்லதான் குழந்தையோட நுரையீரல் இதைச் செஞ்சு சேர்க்கும். இவ அவசரப்பட்டு வந்துட்டா. அதனால மாட்டோட நுரையீரல்லேர்ந்து எடுத்ததை நாம குடுக்கறோம். அந்தக் குப்பியில இருக்கறது அதுதான்."

பீப்பா குப்பியைப் பார்த்தார். அதுவரை அவர் கண்ணுக்குத் தன் பாவமாகத் தெரிந்த நுரை, இப்போது வேறு எதுவோவாகத் தெரிந்தது. எங்கோ ஏதோ ஒரு மாடு உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்த மூச்சைக் கட்டிக் காத்த பூச்சு அது. மாடு போய்ச் சேர்ந்துவிட்டது. பூச்சு வேலையை மறக்கவில்லை. குளிர்பெட்டியில் கிடந்து, இவர் கையில் குலுங்கி, அப்போதும் காற்று கிடைத்த மாத்திரத்தில் ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் வரிசை கட்டி நின்று, உடைய மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. பீப்பாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பயமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. வாழ்நாள் முழுக்க எண்ணெயிலும் நுரையிலும் கையை விட்டுக்கொண்டிருந்தவர், அதன் முன்னால் கைகூப்பி நின்றதில்லை.

"சாமி, இந்தக் குப்பிக்குள்ள மட்டும் அடங்கிடு," என்று அவர் உதடு முணுமுணுத்தது. "உள்ள போய் அடங்கவே அடங்காதே."

சுவரில் இருந்த திரையில், குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் எண் மெதுவாக இறங்கியது. காற்றுப் பை அமுங்கி எழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குப்பியின் அடியில் ஒரு கோடு தெரிந்தது. நுரைக்குக் கீழே பால் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கோடு மேலே ஏறியது. மேலே இன்னும் நுரை இருந்தது. டாக்டர் குப்பியை ஊசியோடு தூக்கி, குனிந்து, நுரையைத் தொடாமல் அடியிலிருந்து நூல் இழுப்பது போல இழுத்தார். ஊசியின் அளவுக்கோட்டை வெளிச்சத்தில் பார்த்தார்.

"போதும். வேண்டிய அளவு வந்துடுச்சு."

மருந்து குழாய் வழியாக இறங்கியது. குழந்தை ஒரு தரம் திணறியது. பீப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளும் குமிழிதான் தெரிந்தது.

திறந்தபோது, முதலில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அப்புறம் எண் இறங்குவதை நிறுத்தியது. நின்றது. ஏறத் தொடங்கியது. டாக்டர் பக்கத்திலிருந்த குமிழைத் திருகிப் பிராணவாயுவைக் குறைத்தார். எண் இறங்கவில்லை. இன்னும் குறைத்தார். குழந்தையின் கருநீல உதடு வெளுத்து, வெளுத்தது மெல்லச் சிவந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே இருந்த குழி நிரவிவிட்டது. பாக்கு அளவு மருந்துகூட இல்லை. அது உள்ளே போய் எத்தனை லட்சம் பைகளில் பரவி நின்றதோ! பீப்பா தன் ஆயுளில் எத்தனையோ சுவருக்கு நிறம் கலந்திருக்கிறார். ஒரு துளி இவ்வளவு தூரம் பரவி அவர் பார்த்ததில்லை.

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அங்கியின் கயிறு அறுந்துவிட்டது.

சாயங்காலம் தங்கைக்கு நினைவு திரும்பியதும் முதல் கேள்வி குழந்தையைப் பற்றித்தான். பீப்பா நல்லதையெல்லாம் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, எதையோ முழுங்கற. நிஜத்தைச் சொல்லு."

சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்கவில்லை. குப்பி, குலுக்கல், நுரை, எல்லாம். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். தங்கைக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, சிரிக்க வைக்காதே, வலிக்குது. என் புருஷன் சட்டையைத்தான் நனைச்சன்னு பாத்தா, பிள்ளையையும் விடலியா நீ?"

"இனிமே இந்தக் கையால எதையும் தொட மாட்டேன்."

"தொடாம? அவளை யாரு தூக்கறது?" என்றாள் அவள்.

டாக்டர் வந்து தங்கையைப் பார்த்தபோது, குழந்தை பிறந்ததும் எடுத்த படத்தைக் காட்டினார்களே, உடம்பெல்லாம் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்ததே, அது என்ன நோய் என்று அவள் கேட்டாள். நோயில்லை, அதுவும் அதே குடும்பம்தான் என்றார் டாக்டர். மெழுகும் கொழுப்பும் கலந்தது. மாதக்கணக்காகத் தண்ணீரில் கிடக்கிற தோல் ஊறிப்போகாமல் இருக்க, குழந்தையின் தோலே பூசிக்கொள்வது.

"பிரைமர்! பெயிண்டுக்கு முன்னால சுவர்ல பூசறது!" என்றார் பீப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். அன்று அவருக்கு வேறு அவசரம் இல்லை போலும், கட்டிலோரம் உட்கார்ந்து இன்னும் சொன்னார். தோலின் கீழே சேமிப்பாக ஒரு கொழுப்பு இருக்கும், இவளுக்கு அது சேரவில்லை, அதனால்தான் கண்ணாடிப் பெட்டியில் சூடாக வைத்திருக்கிறோம். முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் இருக்கும், அது எரிந்து அடுப்புபோலச் சூடு கொடுக்கும். மூளையிலிருந்து போகிற நரம்புகளைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை, இனிமேல்தான் சுற்றப்போகிறது, அது சுற்றச் சுற்றத்தான் தலை நிற்கும், நடை வரும்.

"அப்புறம் நான் சொன்ன அந்தத் தலை, வால் ஆளு இருக்கானே, அவன் ரெண்டு வரிசையா, வாலோட வால் சேர்ந்து நின்னான்னா அதுதான் செல்லோட சுவர். உங்க உடம்புல, என் உடம்புல, அந்த மாட்டு உடம்புல, இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும்."

"சுவரா, பூச்சா?" என்று கேட்டார் பீப்பா. தொழில்காரருக்கு அது முக்கியம்.

"ரெண்டும் அதுதான்."

பீப்பா வெகுநேரம் தன் முன்னங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் மொத்தமும் கொழுப்புச் சுவரால் கட்டியதா? ஒரு மாதமாக அதைத் திட்டாத திட்டில்லை. சுவரெல்லாம் எண்ணெய், நடுவில் தண்ணீர், இரண்டும் சேராமல் சேர்ந்துதான் இந்த உருண்டை உடம்பு உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறது. தலை சுற்றியது. மலைப்புத் தாங்காமல், "எந்தக் கொத்தன்டா இதைக் கட்டினான்!" என்றார் சத்தமாக. அடுத்த கட்டிலில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை குழந்தைக்கு மறுபடி கொஞ்சம் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்பட்டது. இன்னொரு தடவை மருந்து கொடுக்க வேண்டும். புதுக் குப்பிகள் வந்து சேர்ந்திருந்தன. நர்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து பீப்பாவின் முன்னால் நீட்டினார். அவர் மிரண்டுபோய்ப் பின்வாங்கினார்.

"வேணாம் சிஸ்டர். உங்க ஆளுகிட்டயே குடுங்க."

"டாக்டர் உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க. ஒரு தடவை பயந்தவர் கையிலதான் இது பத்திரமா இருக்குமாம். உங்க கையும் நல்ல சூடு. பிடிங்க."

பிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குப்பியை வைத்துக்கொண்டார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது தெரிந்தது. மணிக்கட்டு குறுகுறுத்தது. வருஷக்கணக்கான பழக்கம் விரல் நுனியில் வந்து நின்று கெஞ்சியது. மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. நர்ஸ் வந்து வாங்கி, ஒரே ஒரு முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். படிந்தது தானாகக் கலைந்து கலந்தது. ஒரு குமிழிகூட இல்லை.

"இவ்வளவுதானா!" என்றார் பீப்பா, கொஞ்சம் ரோஷத்தோடு.

அதற்கு அடுத்த நாள் லாரி வந்து சேர்ந்தது. மச்சான் கண்ணெல்லாம் சிவந்து, தாடியோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பீப்பா அவருக்குத் தலை, வால் கதையை மூச்சுவிடாமல் சொன்னார். மச்சானுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதும் என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பட்டதும் பீப்பா போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று உரசிச் சூடேற்றிக்கொண்டு கதவருகே வந்து நின்றார். கிண்ணம்போலக் கையைக் குவித்துத் தயாராக வைத்திருந்தார்.

நர்ஸ் வெளியே வந்தார். கையில் குப்பி இல்லை.

"சிஸ்டர், மருந்து?"

"இனி வேணாம்ணா. டாக்டர் இப்பத்தான் பாத்தாங்க. குழாயை எடுத்தாச்சு." நர்ஸ் முகம் முழுக்கச் சிரிப்பு. "அவளே செஞ்சுக்க ஆரம்பிச்சுட்டா."

பீப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. உள்ளங்கை அளவு உடம்பு. கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அதற்குள் உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தலையும் வாலுமாக ஒவ்வொன்றாகச் செய்து, சொந்தப் பூச்சைச் சொந்தமாகப் பூசிக்கொள்கிறாளா? மாட்டிடம் கடன் வாங்கியது போதும் என்கிறாளா? குவித்த கை குவித்தபடியே நின்றது.

நர்ஸ் அந்தக் கையைப் பார்த்தார். "இவ்வளவு சூடு பண்ணி வச்சிருக்கீங்க, வீணாப் போகக் கூடாது. உள்ள வாங்க. நீங்க ரெண்டு பேரும்தான்."

கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தார். "தகப்பனார் காலைப் பிடிங்க. அண்ணா, நீங்க தலையைச் சுத்திக் கையைக் குவிச்சு வைங்க. தடவக் கூடாது. அசைக்கக் கூடாது. சும்மா வச்சிருக்கணும், அவ்வளவுதான். முடியுமா?"

"முடியும்," என்றார் பீப்பா.

தலை அவர் உள்ளங்கைக்குள் வந்து அடங்கியது. முனகல் இல்லை. நெஞ்சு ஏறி இறங்கி, இறங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் மறுபடி ஏறியது. பீப்பாவின் கை அசையவே இல்லை.